சகிதாத் வீட்டு விருந்தும் பன்னிரண்டாம் கேள்வியும்

1

இந்தக் கதையில் எனக்குப் பாதிதான் கிடைத்தது. மீதி என் இட்டுக்கட்டல். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள். மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு எனக்கே மறந்துவிட்டது.

சொன்னவள் ஸர்மினா. காபூலின் மேற்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை வாசல். ஆட்சி கைமாறி நான்கு மாதம் ஆகியிருந்தது. ரொட்டி வாங்க வந்தவர்களைவிட, வாங்கியவர்கள் ஒன்று தருவார்களா என்று உட்கார்ந்திருந்தவர்கள் அதிகம். ஸர்மினா ஒரு நிவாரண அமைப்பில் கணக்கெடுப்பவள். வீடு வீடாகப் போய்ப் பசியை எண்ணாக மாற்றுவது அவள் வேலை. கதை சூடுபிடிக்கும் இடத்தில் ஷேர் டாக்சி வந்துவிட்டது. "மிச்சத்த அப்புறம் சொல்றேன்" என்று ஏறிப்போனாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

காத்திருந்து பார்த்தேன். பிறகு நானே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"உலக நாடுகளின் பிரதிநிதிகள் கூடியிருந்த அந்த மண்டபத்தில் ஆழ்ந்த கவலை நிலவியது. மதிய உணவு இடைவேளைக்குப் பிறகும் அது —"

[விட்டுவிட்டேன். அந்த மண்டபத்துக்கு நான் போனதில்லை. அங்கிருந்து வந்த அறிக்கைகளை உள்ளூர் மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தவன் நான், அவ்வளவுதான். அந்த வேலையில் ஒன்று கற்றேன்: கவலைக்கும் பதவி உயர்வு உண்டு. முதல் வாரம் 'கவலை'. இரண்டாம் வாரம் 'ஆழ்ந்த கவலை'. ஒரு மாதம் கழித்து 'மிக ஆழ்ந்த கவலை'. அதற்கு மேலே உட்கார நாற்காலி இல்லாததால் 'நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்' என்று ஓய்வுபெற்றது.]

இரண்டாவது தொடக்கம்:

"பனி பொழிந்துகொண்டிருந்தது. பசியும் —"

[இதையும் அடித்தேன். பனி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. இலக்கியத்துக்காக அதை முன்கூட்டியே வரவழைக்க எனக்கு அதிகாரமில்லை.]

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியோடு வந்தவர்கள் ஊரைப் பிடித்தார்கள். நாற்காலியில் இருந்தவர் பறந்துவிட்டார். வெளிநாடுகள் கூடி யோசித்து, நாட்டின் பணத்தைப் பூட்டிவைத்தன. துப்பாக்கிக்காரர்களுக்குப் பாடம் புகட்டப் பள்ளிக்கூட வாத்தியார்களின் சம்பளம் நின்றது. துப்பாக்கிக்காரர்கள் பாடம் படித்தார்களா என்பது தெரியவில்லை. வாத்தியார்கள் படித்தார்கள்.

பிறகு உலகத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. ஆள்பவர்களின் கையைக் குலுக்காமல் மக்களின் வாயில் சோறு போடுவது எப்படி? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். சோறு போடுவதற்கு முன், பசிக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது.

3

சகிதாத் பூகோள வாத்தியார். ஐம்பதைத் தொட்ட மனிதர். உலகப் படத்தில் எந்த நாடு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக்காட்டுவார். அவருடைய சந்தில் நாற்பத்தொரு வீடுகள். ஒரு சந்துக்கு ஒரு வீடு என்பது அமைப்பின் விதி. அந்த ஒரு வீட்டின் விடைகள் சந்து முழுவதற்கும் பொருந்தும். சீட்டு விழுந்தது சகிதாத் வீட்டுக்கு. விடைகள் சரியாக அமைந்தால் நாற்பத்தொரு வீட்டுக்கும் வசந்தகாலம் வரை கோதுமை. அமையாவிட்டால் சந்து 'தொடர் கண்காணிப்பில்' வைக்கப்படும். அதாவது உன்னிப்பாகக் கவனித்து வருவார்கள்.

கணக்கெடுக்கும் ஸர்மினாவோடு ஒரு வெளிநாட்டுக்காரரும் மேற்பார்வைக்கு வருகிறார் என்று முந்தின நாள் தகவல் வந்தது. சந்தே சகிதாத் வீட்டு முன்னறையில் கூடிவிட்டது.

"என்ன போடப்போறீங்க அவருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு நிக்பக்த். அவள் கணவன் நவ்ரோஸ் செருப்புத் தைப்பவன். தைத்துப் போடும் அளவுக்கு ஊரில் யார் காலிலும் செருப்பு மிச்சமில்லை.

"பசி எவ்வளவுன்னு பாக்க வர்ற ஆளுக்கு என்னத்தப் போடறது?" என்றாள் சகிதாத்தின் மனைவி மர்ஸியா. "பசியத்தான் போடணும்."

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரும் எழுந்து போகவில்லை.

"அப்ப வெறும் டீயா?" என்றான் நவ்ரோஸ். "கடல் தாண்டி வந்த மனுஷன் நம்ம சந்துல வெறும் டீ குடிச்சிட்டுப் போனான்னா, அடுத்த சந்துக்காரன் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது?"

"அடுத்த சந்துக்காரன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பட்டினி கிடங்க" என்றாள் மர்ஸியா.

"ரைஹானா அம்மா," என்றார் சகிதாத், மூத்த மகளின் பெயரைச் சொல்லி மனைவியை அழைப்பதே அவர் வழக்கம், "எதுக்கு வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே. நான் யோசிச்சு வெச்சிருக்கேன். அவருக்கு முன்னால எல்லாத்தையும் வெப்போம். மரியாதை தெரிஞ்ச ஆள் நாலு வாய் சாப்பிடுவார், மிச்சம் வைப்பார். மிச்சம் அவங்கவங்க வீட்டுக்கே போயிடும். கேள்வி கேக்கறப்ப உண்மையச் சொல்லிடறேன். சாப்பாடு வேற, கேள்வி வேற."

திட்டம் கச்சிதமாகத்தான் இருந்தது. பல நாடுகளின் திட்டங்களைவிட நிச்சயமாக.

அரிசி நிக்பக்த் வீட்டிலிருந்து வந்தது. கேரட்டும் உலர்திராட்சையும் விதவை சாஹிராவிடமிருந்து. சந்துப் பெரியவர் குல் ஆகா, முட்டையிட்டுக்கொண்டிருந்த தன் ஒரே கோழியை இறக்கை பிடித்துத் தூக்கிவந்து, "இது போன வாரத்துலேர்ந்து சரியா இடறதில்ல" என்று பொய் சொன்னார். கரி மூன்று வீட்டிலிருந்து வந்தது. அந்த மாதத்தில் முதன்முறையாகச் சகிதாத் வீட்டு முன்னறை சூடாக இருந்தது.

4

[தொர்பெனைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்பார்வைக்கு வந்த டென்மார்க்காரர். முதல் பிரதியில் அவரைக் கெட்டவராக எழுதினேன்: கறுப்புக் கண்ணாடி, குண்டு துளைக்காத வண்டி, மூக்கில் கைக்குட்டை. வேலை சுலபமாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது. ஸர்மினாவோ அவர் நல்லவர் என்றுதான் சொன்னாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையில் ஓட்டை இருந்ததற்கு வெட்கப்பட்டாராம். எனக்கு வேறு வழியில்லை. நல்லவராகவே வருகிறார். கதைக்கு இது எவ்வளவு கெடுதல் என்பது போகப்போகத் தெரியும்.]

தொர்பென் புறப்படுமுன் அவருக்கு இரண்டு நாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். உள்ளூர்ப் பழக்கவழக்கங்கள். அதில் ஒரு பாடம்: உணவை மிச்சம் வைப்பது வீட்டாரை அவமதிப்பது. இன்னொரு பாடம்: போதும், மிச்சம் வையுங்கள் என்பார்கள், அது சம்பிரதாயம்; நம்பிவிடாதீர்கள்.

வகுப்பெடுத்தவர் எந்த நாட்டில் சாப்பிட்டவரோ. இந்த ஊரில் காலித் தட்டுக்கு ஒரே பொருள்தான்: இன்னும் பசிக்கிறது.

தரையில் விரிப்பு விரித்தார்கள். நடுவில் புலாவ், மேலே கேரட்டும் திராட்சையும், உள்ளே புதைந்து கோழி. தொர்பென் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். சகிதாத் நிரப்பினார். தொர்பென் அதையும் முடித்தார், மரியாதையாக, வியர்த்துக்கொண்டு. சகிதாத் மறுபடியும் நிரப்பினார்.

உள்ளறைக் கதவில் தொங்கிய துணிக்குப் பின்னால் மர்ஸியா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நிக்பக்த், சாஹிரா, குல் ஆகாவின் மருமகள். ஆளுக்கொரு காலிக் கிண்ணத்தோடு.

"எத்தனாவது தடவ?" என்றாள் சாஹிரா, கிசுகிசுப்பாக.

"மூணு."

"கோழிக்காலு?"

"போயிடுச்சு."

"நம்ம வீட்டு அரிசி," என்றாள் நிக்பக்த். கொஞ்சம் பொறுத்து, "நல்லா வெந்திருக்குன்னாவது சொன்னாரா?"

முன்னறையில் ஸர்மினாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. விரிப்பைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவள் அம்மாவும் இதையேதான் செய்திருப்பாள். தொர்பென் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள்: "கொஞ்சம் மிச்சம் வைங்க."

தொர்பென் புன்னகைத்தார். "தெரியும். இப்படிச் சொல்லுவாங்கன்னு வகுப்புல சொன்னாங்க." இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.

சகிதாத் தண்ணீர் எடுக்கிற சாக்கில் கதவுப் பக்கம் வந்தார். முகத்தில் உண்மையான பரிவு.

"பாவம் ரைஹானா அம்மா, அவங்க ஊர்ல சோறே கிடையாது போல. இன்னும் ஏதாவது இருக்கா?"

"இருக்கு," என்றாள் மர்ஸியா. "சட்டி. அதையும் சாப்பிடுவாரான்னு கேளுங்க."

5

[இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கும் வந்தது. ஸர்மினாகூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ரொட்டிக் கடை வாசலில். எங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மட்டும் சிரிக்காமல், "புலாவ்ல ஏலக்காய் போட்டாங்களா?" என்று கேட்டாள்.]

கேள்விகள் தொடங்கின. வீட்டில் எத்தனை பேர், வருமானம் உண்டா, கடந்த ஏழு நாட்களில் பருப்பு எத்தனை நாள், எண்ணெய் எத்தனை நாள். சகிதாத் சுற்றிவளைத்துச் சமாளித்தார். "கடவுள் புண்ணியத்துல ஓடுது தங்கச்சி." ஸர்மினா எண் கேட்டாள். "எண் என்ன எண், ஓடுதில்ல?" என்றார்.

அவர் பொய்யர் அல்ல. உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் உட்கார்ந்த பிறகுதான் தன் திட்டத்தின் ஓட்டை தெரிந்தது. சாப்பாடு வேறு, கேள்வி வேறு என்று இருக்கவில்லை. இரண்டும் ஒரே விரிப்பில், ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவனிடம் எங்களுக்குச் சோறில்லை என்று சொன்னால், அது விவரம் சொல்வதாகாது. அவன் கையிலிருக்கும் கவளத்தைத் தட்டிவிடுவது. சகிதாத்தின் தலைமுறையில் அப்படி யாரும் செய்ததில்லை.

பன்னிரண்டாம் கேள்வி வந்தது. படிவத்தின் உயிர்நிலை அதுதான், மற்றதெல்லாம் பேச்சுத்துணை.

"வாத்தியாரே," என்றாள் ஸர்மினா. வேண்டுமென்றே மெதுவாகக் கேட்டாள். "போன முப்பது நாள்ல, வீட்ல சாப்பிட எதுவுமே இல்லாத நாள் எத்தன?"

பத்துக்கு மேல் இருந்தால் நாற்பத்தொரு வீட்டுக்கும் கோதுமை.

தொர்பென் மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தார். துணிக்குப் பின்னால் கிண்ணம் எதுவும் அசையவில்லை. சகிதாத் வாயைத் திறந்தார்.

டாக்சி வந்துவிட்டது.

6

இனி முழுவதும் என் பாடு.

அ) தொர்பென் கரண்டியைக் கீழே வைக்கிறார். அறையைப் பார்க்கிறார், துணியைப் பார்க்கிறார், அதற்குக் கீழே தெரியும் நான்கு ஜோடிக் கால்களைப் பார்க்கிறார். கண் கலங்குகிறது. அடுத்த காட்சியில் லாரிகள்.

[பத்திரிகை நடத்தும் நண்பருக்கு இந்த முடிவு மிகவும் பிடித்தது. 'மனிதம் வெல்கிறது' என்றார். இத்தனை அறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறேன். யாருக்காவது கண் கலங்கியதாக ஒன்றிலும் இல்லை. கலங்கியிருந்தாலும் அதற்கான கட்டம் படிவத்தில் கிடையாது.]

ஆ) சகிதாத் "ஒண்ணுமில்ல, ஒரு நாள்கூட இல்ல" என்கிறார். ஸர்மினா கண் இமைக்காமல் இருபத்தொன்று என்று எழுதுகிறாள். கிளம்பும் முன் தொர்பென் நன்றியோடு விரிப்பைப் படம் எடுத்துக்கொள்கிறார். படமும் எண்ணும் தலைமையகத்துக்குப் போகின்றன. அங்கே ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து 'முரண்பாடு' என்று எழுதுகிறார். சந்தின் கோதுமை போகிறது. ஒன்பது பேருக்குச் சோறு போடும் ஸர்மினாவின் வேலையும் —

[இது நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதி முடிக்கக் கை வரவில்லை.]

இ) மர்ஸியா துணியை விலக்கிக்கொண்டு வருகிறாள்.

இதை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்று முறையும் வந்து நின்று பேசினாள்; நன்றாகவே பேசினாள். கேட்கும்போது எனக்கு அந்த மண்டபத்து அறிக்கைகள் ஞாபகம் வந்தன. அவள் அப்படிப் பேசமாட்டாள், அது நான். நான்காவது முறை பேச்சை அவளிடமே விட்டேன். அவள் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து, கணவனைப் பார்க்காமல், ஸர்மினாவிடம் சொன்னாள்:

"அரிசி அந்த வீடு. கேரட்டு இந்த வீடு. கோழி குல் ஆகாவோடது. என் வீட்டுது தண்ணி மட்டும். எழுதிக்க தங்கச்சி."

சகிதாத் தலை கவிழ்ந்தார். தொர்பென், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். கோதுமை வந்தது.

[இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு குறுகுறுப்பு. அன்று மாலை அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? விருந்தாளி முன்னால் சோற்றுக்குச் சொந்தக்காரர்களை வரிசையாகச் சொன்னபின், கோதுமை மாவில் சுட்ட முதல் ரொட்டியைச் சகிதாத் எப்படி விழுங்கியிருப்பார்? நிக்பக்த் மறுபடியும் எதையாவது எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்கு வந்திருப்பாளா? ஒரு சந்தைப் பிழைக்கவைக்க அதன் முகத்தை உரிக்கத்தான் வேண்டுமா? உரிக்காமல் கொடுக்கும் படிவம் ஒன்றை ஏன் யாருக்கும் அச்சடிக்கத் தோன்றவில்லை? பதில் எனக்குத் தெரிந்திருந்தால் நான் கதை எழுதிக்கொண்டிருப்பேனா, மாநாட்டுக்கல்லவா போயிருப்பேன்.]

7

இதில் எதையும் முடிவாக வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று செய்ய முடியும். தொர்பெனை எழுப்பிவிடலாம். அவருக்கு வயிறு கொள்ளவில்லை, போய்விட்டு வரட்டும். நல்ல மனிதர்.

அவர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். உங்களுக்கு அவரைவிட அதிகம் தெரியும்: எந்த வீட்டு அரிசி, எந்த வீட்டுக் கோழி, துணிக்குப் பின்னால் எத்தனை கிண்ணம். ஸர்மினா படிவத்தையும் பேனாவையும் உங்கள் பக்கம் நகர்த்துகிறாள். பன்னிரண்டாம் கேள்வி. பூஜ்யத்திலிருந்து முப்பதுக்குள் ஓர் எண். மெய்யான எண்ணை எழுதினால் சகிதாத் சொல்லப்போவது பொய் என்று ஆகும். அவர் சொல்லப்போவதை எழுதினால் சந்துக்குக் கோதுமை இல்லை.

அவசரமில்லை, யோசியுங்கள். சகிதாத் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சாப்பிடாமல் எழுதிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "அத அப்புறம் எழுதிக்கலாம், ஆறிடும்" என்று, சட்டியின் அடியைச் சுரண்டிக் கடைசிக் கரண்டியை உங்கள் தட்டில் போடுகிறார்.