நாற்பத்தேழாவது எதிரி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினெட்டாவது தடவையாகச் செத்தேன். ஹட்டன் டவுனில் போன் ரிப்பேர் பார்க்கிறவன் நான். என் போனிலேயே ஒரு விளையாட்டு என்னை மூன்று மாதமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சண்டையில் எனக்குப் பெரிய ஆசை இல்லை. ஒவ்வொரு எதிரியையும் கடந்த பிறகு அதன் கதை ஒரு பக்கமாகத் திறக்கும். அது எங்கே பிறந்தது, எதற்காக வழிமறிக்கிறது என்று. அந்தப் பக்கங்களுக்காகத்தான் பைத்தியமாய் அலைந்தேன். நாற்பத்தாறு சேர்ந்துவிட்டன. நாற்பத்தேழாவது மட்டும் இருட்டாகவே கிடந்தது.

அது ஒரு குளவிக் கூட்டம். பாழடைந்த கோட்டை வாசலில் புகை மாதிரி எழும்பி வரும். ஓடினால் விரட்டிக் கொல்லும். தீப்பந்தத்தால் எரித்தும் பார்த்தேன். கூட்டம் அழிந்தது, பக்கம் திறக்கவில்லை.

என் மனைவி பிரியந்தி பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை விளையாட மாட்டேன். மூன்று வாரத்துக்கு முன் தோட்டத்தில் பத்தாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். நாளை மறுபடி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் போட வேண்டும். காலையிலிருந்து கூடைக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். போகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. குழாயடிக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன்.

"ஏங்க ஓடுறீங்க?"

பின்னால் நின்றிருந்தாள். மறைக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடுனா வெரட்டும். அடிச்சா இன்னும் வரும். படுங்க."

"இது சும்மா வெளையாட்டு புள்ள."

"அன்னைக்கு நானும் ஓடுனேங்க. பக்கத்து நெரையில நாகலெட்சுமி அக்கா இடுப்புல கட்டுன படங்குச் சாக்க தலையோட இழுத்துப் போட்டுக்கிட்டு தேயிலைக்கு அடியில கவுந்து படுத்துக்கிச்சு. அதுக்கு ரெண்டே கொட்டு."

என் வீரனைக் குப்புறப் படுக்க வைத்தேன். திரை முழுக்கக் கூட்டம் வந்து மூடியது. பிரியந்தியின் நகம் என் கையில் பதிந்தது. மெதுவாக இரைச்சல் விலகியது. பக்கம் திறந்தது.

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்: "இவை யாருக்கும் பகை இல்லை. கூட்டுக்குள் இன்னும் சிறகு முளைக்காத குஞ்சுகள் இருக்கின்றன. ஓடுவதெல்லாம் கூட்டை உடைக்க வருவதாக நினைக்கும். அசையாததை மண் என்று விட்டுப் போகும்."

இத்தனை தடவை நான் முட்டிய கதவின் சாவி, என் வீட்டுக் காம்பராவிலேயே கொட்டின தழும்போடு கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"உள்ள குஞ்சு இருக்குங்களா?" என்றாள். அப்புறம், "இன்னொருக்கா படிங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ரோட்டு வரைக்கும் கூடவே போனேன். மற்றப் பெண்கள் ரோட்டோரச் சவுக்கு மரத்தில் தொங்கிய குளவிக் கூட்டைப் பார்க்காமல் விறுவிறுவென்று சுற்றிப் போய்விட்டார்கள். பிரியந்தி மட்டும் மலைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். நான்கு எட்டுத் தள்ளி நான் நின்றேன். ஒரு குளவி இறங்கி வந்து அவள் கூடை விளிம்பில் உட்கார்ந்தது. அவள் அசையவில்லை. முகத்தில் பயம் இருந்தது. கண் மட்டும் கூட்டை விட்டு இறங்கவில்லை.

வளைவில் நான் வேலைக்குப் போகிற ஹட்டன் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு வந்தது. கை காட்டினால்தான் நிற்கும். நான் கையைத் தூக்கவில்லை.