படித்தாரா, இல்லையா

பாய்லர் வெடித்த செவ்வாய்க்கிழமையிலிருந்து திர்ஸா ஹோல்ராய்டுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைய உட்காருவாள், பாதியில் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவாள். அங்கிருந்து பார்த்தால் ஆல்டர்ஃபீல்டின் கம்பளி ஆலை தெரியும். புகைபோக்கி அப்படியே நின்றது. அதன் காலடியில் பாய்லர் அறை இருந்த இடத்தில் இப்போது வெறும் வானம். நான்கு பேர் செத்திருந்தார்கள். கம்பளி சிக்கெடுக்கும் கூடத்தில் வேலை பார்த்த மூன்று பெண்கள். நான்காவது ஆள், பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஜேபெஸ் ஸ்டெட்.

ஜேபெஸ் குடித்திருப்பான், அசந்து தூங்கியிருப்பான், தண்ணீர் விட மறந்திருப்பான் என்று ஊரே பேசியது. செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போகிறான்?

திர்ஸாவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். ஏப்ரல் மாதம், மெதடிஸ்ட் சபையில் அவள் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வகுப்பு கலைந்தபிறகு ஜேபெஸ் தயங்கித் தயங்கி வந்து நின்றான். தனக்கு இன்னும் பெயர் எழுதுவதற்கு மேல் வரவில்லை, முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்றான். பாய்லரின் அடித்தகட்டில் விரிசல் விட்டிருக்கிறது, நாளுக்கு நாள் நீளுகிறது, நெருப்பை அணைத்துச் சரிபார்க்காவிட்டால் ஆள் சாகும். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று அவளே எடுத்துக்கொண்டாள். ஏனென்றால் முதலாளியின் மகன் லயனல் பேர்ஸ்டோவுக்குத்தான் அவளை நிச்சயித்திருந்தது. அவனுடைய அப்பா பக்கவாதத்தில் விழுந்தபிறகு ஆலையை நடத்துவது அவன்தான்.

தோட்டத்து வாசலில் வைத்துக் கொடுத்தாள். லயனல் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான். போர்முனைக்குப் போகவேண்டிய கம்பளிகள் அடுத்த மாதப் பெந்தெகொஸ்தே விடுமுறைக்குள் வண்டி ஏறியாக வேண்டும், அதற்குப் பிறகு நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தவன், "உன் கையெழுத்துல வந்தா மிரட்டல்கூட அழகாத்தான் இருக்கு" என்றான்.

அவளும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்புதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்தினாள். இரும்புச் சமாசாரத்தில் நீ ஏன் மண்டையை உடைத்துக்கொள்கிறாய் என்றான். சரி என்று கல்யாணத் துணியைத் தைக்கப் போய்விட்டாள். விடுமுறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது பாய்லர் வெடித்தது.

வியாழக்கிழமை காலை லயனல் வந்தான். இரண்டு கையிலும் கட்டு. இடிபாட்டுக்குள் முதலில் நுழைந்தவன் அவன்தான். சூடான செங்கல்லை வெறுங்கையால் புரட்டி, அடிபட்ட மூன்று பேரை அவனே தூக்கி வந்திருந்தான். தூங்காத கண். அவனைப் பார்த்ததும் திர்ஸாவுக்கு அழுகை முட்டியது. கோபப்படலாம் என்று இருந்தவளுக்குக் கோபம் வரவில்லை.

சனிக்கிழமை மரண விசாரணை என்றான். பிறகு தொப்பியை மேசைமேல் வைத்தான்.

"அந்தக் கடிதத்த எரிச்சுட்டேன்" என்றான். "உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும் திர்ஸா. ஆலை மூடிட்டா முந்நூறு குடும்பம் என்ன பண்ணும், யோசிச்சுப் பாரு. ஜேபெஸோட சம்சாரத்தை ஆயுசுக்கும் நான் பாத்துக்கறேன்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவன் எழுந்து போனான்.

அன்று முழுக்க அவள் வீட்டுக்குள் நடந்த நடையில், கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஜோசையாவுக்கு ஏதோ விஷயம் இருப்பது புரிந்துவிட்டது. முப்பது வருடம் அதே ஆலையில் மேஸ்திரியாக இருந்து, கம்பளித் தூசியை நெஞ்சில் ஏற்றிக்கொண்ட மனிதர். இருக்கும் வீடும் ஆலையுடையது. அவர் கேட்டார், அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இருமி முடித்து நிதானமாகப் பேசினார்.

"நீ சொல்றதால செத்துப்போன நாலு பேரும் எந்திரிச்சு வரப்போறதில்ல. நாமதான் தெருவுக்குப் போவோம். அவன் கெட்டவன் இல்லம்மா. தப்பு பண்ணிட்டான். புருஷனா வரப்போறவன நீயே காட்டிக்குடுப்பியா?"

வெள்ளிக்கிழமை அவள் ஜேபெஸின் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். கெசையா ஸ்டெட் வாசலில் மண்டியிட்டுக் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இறந்த பெண்களில் ஒருத்தியின் அண்ணன் சாணியை வாரி அடித்துவிட்டுப் போயிருந்தான். மற்ற மூவரைப் புதைத்த வரிசையில் ஜேபெஸுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று சபையிலும் சிலர் தகராறு செய்தார்களாம். கெசையா தேய்ப்பதை நிறுத்தாமல் பேசினாள்.

"இருபத்திரண்டு வருஷத்துல அந்த மனுஷன் ஒரு சொட்டு தொட்டதில்ல. நீதான் வாராவாரம் பாத்தியே. நீயாவது நாலு பேர்கிட்ட சொல்லும்மா."

அவர் தங்கமான மனுஷன் என்று மட்டும் திர்ஸாவால் சொல்ல முடிந்தது. வாளியில் தண்ணீர் மாற்றித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் கெசையா. அங்கிருந்து வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் மேட்டுப் புல்வெளிக்கு ஏறினாள். பாவாடை முழங்கால் வரை நனையும்படி ஈரப் புல்லில் நடந்தாள். லயனலின் கட்டுப் போட்ட கைகள் ஒரு பக்கம் இழுத்தன, சாணி அப்பிய கதவு மறுபக்கம் இழுத்தது. இறங்கி வரும்போதும் முடிவு எதுவும் கையில் இல்லை.

விசாரணையை ஊர் மதுவிடுதியின் மாடிக் கூடத்தில் வைத்திருந்தார்கள். ஜூரியில் உட்கார்ந்தவர்கள் கசாப்புக்காரர், ஜவுளிக்காரர், செருப்புக் கடைக்காரர், இப்படிப் பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஆலை ஓடினால்தான் கடை ஓடும். வெளியூரிலிருந்து வந்த பொறியாளர், தகடு பழசு, விரிசல் இருந்திருக்கலாம், ஆனால் பாய்லர்காரன் தண்ணீரைக் குறையவிட்டிருந்தாலும் இப்படித்தான் வெடிக்கும் என்றார். அந்த இரண்டாவது பாதியைக் கேட்டதும் ஜூரிகளின் முகம் தெளிந்தது. லயனலிடம், பழுது ஏதும் இருப்பதாகத் தெரியுமா என்று கேட்டார்கள். தனக்கு நினைவில்லை என்றான்.

வேறு யாருக்காவது சொல்ல ஏதும் இருக்கிறதா என்று விசாரணை அதிகாரி வழக்கப்படி கேட்டார். அவர் கேட்டு முடிக்கும்போது திர்ஸா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். ஜேபெஸ் வந்ததையும், அவன் சொன்னதைத் தான் எழுதியதையும், தன் கையாலேயே கொடுத்ததையும் சொன்னாள். 

லயனலை மறுபடி கூப்பிட்டார்கள். வெளுத்துப்போயிருந்தான். ஆமாம், ஒரு கடிதம் வந்தது என்று ஒப்புக்கொண்டான். வேலை நெருக்கடியில் பிரிக்காமலே பையில் போட்டுவிட்டேன், பிறகு மறந்தே போனேன் என்றான்.

கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டது. ஜேபெஸின் பெயர் சுத்தமாகிவிட்டது. முதலாளி மகனுக்கும் ஞாபக மறதியைத் தவிர பெரிய குற்றமில்லை. பின்வரிசையில் ஜோசையா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாருக்கும் நல்லபடியாக ஒரு வாசல் திறந்திருந்தது. அவள் சும்மா நின்றாலே போதும். லயனல் அவளைப் பார்த்தான். கெஞ்சும் பார்வைகூட இல்லை, களைத்துப்போன பார்வை.

விசாரணை அதிகாரி விடாத ஆள். திர்ஸாவின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே அவர் கையில குடுத்தீங்க? அவர் படிச்சாரா, இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ பீப்பாய் உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனை திரும்பியது.

"படிச்சாரு" என்றாள். "முழுசா படிச்சாரு. படிச்சிட்டு என் கையெழுத்தப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரு. நானும் சிரிச்சேன்."

ஜூரிகள் ஒரு மணி நேரம் தனியே பேசினார்கள். விபத்தினால் மரணம், ஜேபெஸ் ஸ்டெட் மேல் எந்தக் குற்றமும் இல்லை, திரு. பேர்ஸ்டோ இன்னும் கவனமாக இருந்திருக்கலாம் என்று தீர்ப்பு. அவ்வளவுதான். யாரும் சிறைக்குப் போகவில்லை.

அன்று மாலையே திர்ஸா கெசையாவிடம் போனாள். நன்றியை எதிர்பார்த்துப் போகவில்லை, கிடைக்கவும் இல்லை. கெசையா குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நேத்து நான் கதவத் தேச்சிட்டிருந்தேன், பாத்துட்டுதானே நின்ன."

வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கிழவர் பேர்ஸ்டோவிடமிருந்து ஆள் வந்தது. ஜோசையா எட்டு நாள் மகளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள், டீ இருக்கிறதா என்று கேட்டார்.

கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று லயனல் வந்தான். திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் திட்டவில்லை. என் அப்பாவிடம் பேசிவிட்டேன், வீட்டை விட்டுப் போகவேண்டாம், கல்யாணம் நடக்கட்டும் என்றான்.

"நீ சொன்னதுதான் சரி. நீ கூட இருந்தா நான் ஒழுங்கா இருப்பேன். ஆலையையும் சரி பண்ணலாம். நீ போயிட்டா என்கிட்ட யாரு நிஜத்தச் சொல்வா?"

அவள் கையிலிருந்த கட்டில் பலகையைக் கீழே வைத்தாள். அப்பாவின் இருமல் மாடியில் கேட்டது. சரி என்ற ஒரு வார்த்தையில் அத்தனையும் பழையபடி ஆகிவிடும். அவனை அவளுக்கு இன்னமும் பிடித்திருந்தது, அதுதான் கஷ்டம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அன்னைக்கு நான் எந்திரிக்காம இருந்திருந்தா, நீங்களா சொல்லியிருப்பீங்களா?"

 லயனல் ஆறிவரும் கைகளை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த நிமிடம் அவள் அவனை நேசித்த அளவுக்கு முன்னே பின்னே எப்போதும் நேசித்ததில்லை. ஆனால் ஆயுசு முழுக்க ஒரு மனிதனுக்குப் பதிலாகத் தானே எழுந்து நிற்கவேண்டும் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. முடியாது என்று சொன்னாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. பலகையின் மறுமுனையைத் தூக்கி வண்டிவரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

அப்பாவை அழைத்துக்கொண்டு ஹல் துறைமுகத்துக்குப் போனாள். மாலுமிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டாவது குளிர்காலத்தில் ஜோசையா காலமானார். ஆலையில் இரண்டு புதுப் பாய்லர்கள் போட்டதாகவும், லயனல் பிராட்ஃபோர்டில் பெண் எடுத்ததாகவும் செய்தி வந்தது. பிறகு அவள் லிங்கனுக்கு மாறினாள், அங்கிருந்து யார்க்குக்கு. எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. விடுதிக் கூடத்தில் சொன்ன சொல்லுக்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை. கட்டில் பலகைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன சொல்லுக்காக வருந்திய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் பாடம் முடிந்ததும் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஊர் எல்லை தாண்டும்வரை வேகமாக நடப்பாள்.