கடல் சேற்றில் குற்றாலத் தண்ணீர்

என் தங்கை சங்கரம்மாளுக்குக் கடல் பைத்தியம். தென்காசியில் பிறந்தவளுக்கு அது எங்கிருந்து தொற்றியது என்று கேட்காத ஆளில்லை. எட்டு வயதில் குற்றாலப் பேரருவிப் பாறையில் ஒட்டியிருந்த பூச்சிகளைப் பார்த்தாள். "இம்புட்டு தண்ணி அடிச்சும் சாகாம இருக்கே அண்ணே, அப்போ கடலுக்கு அடியில என்னெல்லாம் இருக்கும்?" என்றாள். எனக்கோ தலையில் எண்ணெய் போகவில்லையே என்ற கவலை. "ஏட்டி, பேசாம தலையத் துவட்டு" என்றேன்.

அவள் பேசாமல் இருக்கவில்லை. சென்னைக்குப் போய் பி.எஸ்ஸி. முடித்தாள். கடலடி உயிர்களை ஆராய ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்ளப் போவதாக அங்கே ஒரு பேராசிரியர் சொல்லியிருந்தார். முப்பத்தெட்டாம் வருஷத்துச் சீசனுக்கு அவர் குற்றாலத்தில் வந்து தங்கினார். சொந்தமாக எதையாவது செய்துபார்த்துக் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினார். இதைவிட்டால் இன்னும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற கடற்கரை என்பவர் எங்களுக்குத் தெரிந்தவர். பத்துப் பாகம், அதாவது அறுபதடி ஆழத்துச் சேற்றை அள்ளி, கடல் தண்ணீரோடு ஒரு மண்ணெண்ணெய் டின்னில் ரயிலேற்றிவிட்டார். உள்ளே புழுக்கள், சிப்பிகள், ஒரு நண்டு, இரண்டு நட்சத்திர மீன்கள். பன்னிரண்டு நாள் அவற்றை உயிரோடு வைத்திருந்தாள். மணிக்கொரு தடவை சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று நான் கேலி செய்ததுண்டு.

பதின்மூன்றாம் நாள் குற்றாலத்துக்கு மாட்டுவண்டியில் போனோம். வண்டி குலுங்கிய குலுக்கலில் பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. சங்கரம்மாள் பேராசிரியர் தங்கியிருந்த பங்களாவுக்குள் தகவல் சொல்லப் போனாள். வாசலில் டின்னுக்கு நான் காவல்.

குற்றாலத் தண்ணீர் பட்டால் பைத்தியமே தெளியும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். உப்பிலேயே கிடந்த சீவன்கள் ஒருநாள் நல்ல தண்ணீர்தான் குடிக்கட்டுமே என்று அருவிக்கால்வாயில் ஒரு குடம் மொண்டு டின் நிறைய ஊற்றினேன். புண்ணியம் கட்டிக்கொண்ட நினைப்பு வேறு.

திரும்பி வந்தவள் டின்னைப் பார்த்தாள். புழுக்கள் முறுக்கிக்கொண்டிருந்தன.

"என்ன ஊத்துன?"

சொன்னேன். அவள் முகம் வெளிறியது. என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். "ஒன் கடிகாரத்தக் கொடு அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்து நோட்டை விரித்தாள். எது எத்தனை நிமிஷத்தில் அடங்கியது, எது தாக்குப்பிடித்தது என்று எழுதிக்கொண்டே போனாள். முதலில் நட்சத்திர மீன்கள் போயின. சாரல் நோட்டில் விழாமல் நான் குடை பிடித்தேன். அவள் கண்ணீர் விழுந்ததைத் தடுக்க என்னால் முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் புழு ஒன்றும் மிஞ்சவில்லை. நண்டு நகர்ந்துகொண்டிருந்தது. சிப்பிகள் வாயை இறுக்க மூடிக்கொண்டன.

அருவிக்குக் குளிக்கப் போயிருந்த பேராசிரியர் அப்போதுதான் வந்து டின்னுக்குள் எட்டிப்பார்த்தார். "முக்கால்வாசி செத்துப்போச்சே!" என்றார். அவள் நோட்டை நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, சத்தமாக வாசித்தார்:

"பத்து மணி இருபது நிமிஷம். அண்ணன் நல்ல தண்ணீர் ஊற்றினான். பிழை என்னுடையது. உப்பு இல்லாமல் இவை சாகும் என்று இத்தனை நாளில் அவனுக்கு நான் ஒருதரம்கூடச் சொல்லவில்லை."

நோட்டை மூடினார். "போன வாரம் நாலு பேர் வந்தாங்க. செத்துப்போனது எதையும் எவனும் எழுதல. நீ வெளிச்சமே போகாத ஆழத்துக்குப் போகணும்மா. அடுத்த மாசம் வந்து சேர்ந்துடு" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு எட்டு வயதிலிருந்து இருபது வயதுவரை நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

திரும்பும்போது வண்டியில், "ஏட்டி, அந்தச் சிப்பியெல்லாம் எப்படிப் பொழச்சுது?" என்று கேட்டேன்.

தென்காசி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.