ஒன்றரை அடி மேலே ஏழு கடைகள்

சென்ற வருடம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதுளை பஜாரில் வெள்ளைக்காரன் காலத்து ஏழு கடைகளும் தரையை விட்டு ஒன்றரை அடி மேலே அந்தரத்தில் நின்றன. சுவரில் ஒரு கீறலும் இல்லை. கடைக்காரர்கள் வாசலில் ஆளுக்கொரு முக்காலி போட்டு ஏறிப்போய்க் கதவைத் திறந்தார்கள். ஊர் அன்றும் தேங்காய் விலையைப் பற்றியே அதிகம் பேசியது. நம்மூர் அப்படித்தான்.

குற்றம் நான்காவது கடை முஸ்தாக்குடையது. இப்போது அவரே கேட்பவருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். வாப்பா விட்டுப்போன புடவைக் கடை அது. முப்பது வருடமாக யாரும் பழுதுபார்க்காமல், கூரையில் ஆலங்கன்று முளைத்துக் கிடந்த அந்த வரிசைக்கு, முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே புதுப்பிக்கும் திட்டம் ஒன்று வந்தது. கடைக்காரர் சங்கச் செயலாளர் முஸ்தாக்தான். திட்டத்தின் வர்ணப்படத்தில் கண்ணாடிக் கதவுகள், மேல்மாடி, பூந்தொட்டிகள் எல்லாம் இருந்தன. மனிதர்கள் கைவீசி நடந்தார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. முஸ்தாக் படத்தைப் பார்த்தார், பிறகு தன் கடை மூலையைப் பார்த்தார்.

மூலை நிறையப் பைகள். சம்பள நாளில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் வாங்கிய சாமானைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி, அரசாங்கக் கந்தோர் என்று சுற்றி, பஸ் ஏறும்போது எடுத்துப்போவது வழக்கம். துண்டுச்சீட்டெல்லாம் கிடையாது. செயலாளருக்கு வெட்கமாகிவிட்டது. ஏழு கடையிலும் பலகை மாட்டினார்: பைகள் வைக்கக் கூடாது. பசறைப் பக்கத்துத் தோட்டத்து ரெங்கம்மா இருபது வருடம் பை வைத்தவள். "சரிங்க மொதலாளி. கண்ணாடிக் கடைக்குக் கருவாட்டு வாசம் ஆகாதுதாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

"மேல்மாடி வேணும் வேணும் எண்டீங்க. அல்லாஹ் முழுக் கடையையும் மேல தூக்கித் தந்துட்டான்" என்றாள் மனைவி ஜெமீலா.

நிலத்தைத் தொடாத கட்டடத்தைப் புதுப்பிக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் மாநகரசபை அதிகாரி. ஒரு மாதத்தில் இறங்காவிட்டால் இடித்துத் தள்ளிவிடுவார்களாம். முஸ்தாக் ஆள் வைத்துக் கயிறு கட்டி இழுத்தார். சீமெந்து மூட்டைகளை அடுக்கினார். கடைசியில் தானே நடுக்கடையில் குதித்துப் பார்த்தார். முழங்கால் வலித்ததுதான் மிச்சம். வாப்பாவின் கடை தன் கையால் போகப்போகிறதே என்று அவருக்கு அழுகை வந்தது.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் பூனாகலைத் தோட்டத்திலிருந்து இராமையா வந்தார். வருடத்தில் ஒருமுறை வருகிறவர். கடையோடு சேர்ந்து பலகையும் உயரப் போயிருந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை. "பாத்துக்கங்க மொதலாளி" என்று பையை மூலையில் வைத்துவிட்டுப் போனார். ஏழு கடையும் நாலு விரற்கடை இறங்கின.

முஸ்தாக் பலகைகளைக் கழற்றி எறிந்தார். அடுத்த சம்பள நாளில் பசறை பஸ் வந்து நிற்கும் முன்பே ஸ்டாண்டில் போய்க் காத்திருந்தார். ரெங்கம்மா இறங்கியதும், "தங்கச்சி, நான் செஞ்சது பிழை. ஒங்கட பையக் கொண்டாந்து வைங்க" என்றார்.

"பை வைக்கச் சொல்லிக் கெஞ்சுற மொதலாளிய இன்னைக்குத்தாங்க பாக்குறேன்" என்றாள் அவள். ஆனாலும் மத்தியானம் பஸ்ஸில் வந்த அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கடைசிப் பையோடு கட்டடம் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது. அதிகாரி குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது ஏழு கடைக்கும் கண்ணாடிக் கதவு. ஏழிலும் கருவாட்டு வாசம். தோட்டத்து ஆட்கள் வராத நாட்களில் கட்டடம் கொஞ்சம் எழும்பப் பார்க்கும். அன்று முஸ்தாக் தன் வீட்டுச் சாமான் பையை மூலையில் வைத்து, "கொஞ்சம் பாத்துக்கோங்க, வந்து எடுத்துக்கிறேன்" என்று ஆளில்லாத கடையிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவார். கட்டடம் இறங்கிவிடும்.