முதிரைக் குதிரை

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைக் காரியாலயம் எழுதிய கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "முல்லைத்தீவுக்குப் பன்னிரண்டு பிரதிகளே போகின்றன. இனி மாதம் ஒரு விளம்பரமாவது பிடித்து அனுப்பாவிட்டால் பஸ்ஸில் பேப்பர்க் கட்டு அனுப்புவதை நிறுத்த வேண்டியிருக்கும்."

பன்னிரண்டு பிரதி என்றால் பன்னிரண்டு பேர் என்று நினைத்துவிட்டார்கள், புத்திசாலிகள்! இங்கே ஒரு பேப்பர் என்ன பாடு படுகிறதென்று அவர்களுக்கு என்ன தெரியும்? காலையில் சலூனில் ஒருவர் மரண அறிவித்தலை உரக்க வாசிக்க, சவரம் பண்ணாதவர்களும் நின்று கேட்பார்கள். மத்தியானம் அது தேநீர்க்கடைக்குப் போகும். மறுநாள் ஒட்டுசுட்டான் பஸ் ஏறும். அதற்குப் பிறகு எங்கே போகும் என்று எனக்கே தெரியாது.

ஊரில் பேப்பர் போடுகிற எனக்குப் பெயர் பேப்பர் தோமஸ். கட்டு நின்றால் நான் வெறும் தோமஸ். அதை நினைக்க உண்மையாகவே பயமாக இருந்தது.

விளம்பரம் கொடுக்கக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான். என் சிநேகிதன் மஹ்றூப், மேசை, கதிரை என்று தளபாடம் செய்து விற்பவன். படக்கொட்டகை போடப்போவதாகச் சொல்லி வந்த ஒருவர் படம் பார்ப்பவர்கள் இருக்க நாற்பது முதிரை மரக் கதிரைக்கு ஓடர் கொடுத்துவிட்டு ஆளே காணாமற்போனதில், அத்தனையும் அவன் வீட்டுக்குள் அடுக்கிக் கிடந்தன. தேநீர்க்கடையில் போய்ப் பிடித்தேன்.

"உன்ர பன்னிரண்டு பேப்பருக்கு விளம்பரமோ?" என்றான். "பன்னிரண்டு வீட்டுக்கும் நானே சைக்கிளில போய்ச் சொல்லிப்போட்டு வந்திடுவன்."

இதைச் சொல்லும்போது கடைக்காரரின் பேப்பரை மடியில் விரித்து வைத்திருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விடாமல் அவன் வீடு வரைக்கும் பின்னாலேயே போனேன். அங்கே காப்பாற்றியது அவன் மனைவி சபூறாதான். "தோமஸ் அண்ணன், சமைக்கக் குசினிக்குப் போறதெண்டாலும் கதிரைக்கு மேலால ஏறித்தான் போறன். எதிலயாவது போட்டுத் தொலையுங்கோ!"

"சரி, ஒருக்காத்தான்," என்றான் மஹ்றூப். "ஒரு கதிரையெண்டாலும் வித்தால் மாசாமாசம் தாறன். இல்லாட்டி இந்தக் கதையை என்னட்டை எடுக்காதை."

என் கையாலேயே எழுதி அனுப்பினேன். அடுத்த கிழமை பஸ் சாரதி கட்டைத் தந்துவிட்டுச் சிரித்தார். "மஹ்றூப் எப்ப லாயம் போட்டவர்?"

பிரித்துப் பார்த்தேன்.

"முதிரைக் குதிரைகள் விற்பனைக்கு. நாற்பது உண்டு. நாலு காலும் உறுதி. எவ்வளவு பாரமும் தாங்கும். கலியாண வீடுகளுக்கு வாடகைக்கும் விடப்படும். மஹ்றூப், முல்லைத்தீவு."

அச்சுக் கோத்தவனின் பரம்பரையையே திட்டி ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பேப்பரை மஹ்றூப்பிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் முகத்துக்கு முன்னாலேயே கதவைச் சாத்தினான்.

மூன்றாம் நாள் காலை, உருத்திரபுரத்திலிருந்து அப்புத்துரை என்றொருவர் வந்து இறங்கினார். ஆள் நல்ல பருமன். ஒரு கையில் கயிறு, மற்றக் கையில் கொள்ளுப் பை. வழி கேட்டவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். வேறென்ன செய்ய?

"உங்கட ஊர்ப் பேப்பரை ஒட்டுசுட்டான் பஸ்ஸில வாசிச்சிட்டு வாறன். நான் குதிரை திரியிற நெடுந்தீவில பிறந்தனான், தம்பி. குதிரையைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை," என்றார் மஹ்றூப்பிடம். "ஆனால் இந்த முதிரைக் குதிரை எந்த ஊர்ச் சாதி? முதல்ல பல்லைப் பாக்கோணும்."

மஹ்றூப் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். "முதல்ல இருங்கோ," என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். சபூறா பிளேன்ரீ கொண்டுவந்தாள்.

ரீ குடித்து முடிவதற்குள் ஒட்டுசுட்டானிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யானையைக் கண்டால் குதிரை நிற்குமா, ஓடுமா என்பது அவர்கள் கேள்வி. அவர்களுக்கும் கதிரை போட்டோம். பின்னாலே ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு கலியாண வீட்டார், மாப்பிள்ளையைக் குதிரையில் கொண்டுபோக ஆசைப்பட்டு ஆறு பேராக வந்தார்கள். முற்றம் நிறைந்துவிட்டது. குதிரை இல்லை என்று சொல்ல மஹ்றூப்புக்கு நா எழவில்லை.

அப்புத்துரை மட்டும் சும்மா இருக்கவில்லை. முன்னுக்கு ஆடினார், பின்னுக்குச் சாய்ந்தார், கைப்பிடியில் தட்டினார். ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை.

"இது என்ன மரம், தம்பி?"

"முதிரை," என்றான் மஹ்றூப், சாகிற குரலில்.

அவர் குனிந்து கதிரையின் கால்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "அட, நாலு காலும் உறுதி! எவ்வளவு பாரமும் தாங்கும்! இதிலயோ நான் இவ்வளவு நேரமும் சவாரி செய்தனான்?"

முற்றமே சிரித்தது. அவர் நாலு கதிரை வாங்கி, குதிரைக்குக் கொண்டுவந்த கயிற்றாலேயே பஸ் கூரையில் கட்டிக்கொண்டு போனார். கொள்ளுப் பையைச் சபூறாவிடம் கொடுத்துவிட்டார். கலியாண வீட்டார் மாப்பிள்ளையை மறந்து பன்னிரண்டு கதிரை எடுத்தார்கள். பத்து நாளில் குதிரை தேடி வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். நான் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேப்பருக்கு!

சபூறா நேராக நடந்து குசினிக்குப் போன அன்று, காரியாலயத்தின் பதில் வந்தது. திருத்தம் இலவசமாகப் போடுகிறார்களாம். கூடவே என் கையெழுத்துத் தாளையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பார்த்தால், என்னுடைய 'க'வின் கால் அழகாக வளைந்து 'கு'வாக நிற்கிறது. மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனேன். மஹ்றூப் பறித்துப் பார்த்துவிட்டான்.

"திருத்தமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்," என்றான். "அடுத்த மாசம் மேசை. அதையும் நீதான் எழுதோணும்."

"மேசை மீசையாய்ப் போனால்?"

"போகட்டும். சலூன்காரர் எல்லாரும் வருவினம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது அவன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"தோமஸ், நாளையில இருந்து எனக்கும் ஒரு பேப்பர் போடன். எத்தினை நாளைக்குத்தான் தேநீர்க்கடையில வாசிக்கிறது?"

அன்றைக்கே காரியாலயத்துக்கு எழுதினேன், இனிமேல் பதின்மூன்று பிரதி அனுப்பும்படி. அதை எழுத்தில் எழுதவில்லை. 13 என்று இலக்கத்தில் போட்டேன்.