மிச்சத்தையும் சொல்லுங்க

"என்னம்மா ஆச்சு? நல்லாத்தானே இருந்தாரு?" பக்கத்து வீட்டுக்காரர் அவள் முன்னால் குனிந்து கேட்டார்.

அவள் கணவனின் சடலத்துக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவரைக் காட்டினாள். "அவரைக் கேளுங்க. அண்ணன்காரரு. எல்லாம் தெரியும்."

காலையிலிருந்து வந்த எல்லோரையும் அப்படித்தான் அவரிடம் அனுப்பினாள்.

"நுரையீரல்ல கட்டி," என்றார் அண்ணன். "அதை எதிர்க்க உடம்பு என்னமோ உண்டாக்குச்சாம். அது நரம்பையும் சேர்த்து அடிச்சிடுச்சு. கால்ல பலம் போச்சு."

"மிச்சத்தையும் சொல்லுங்க மாமா," என்றாள் அவள்.

அண்ணன் தரையைப் பார்த்தார். "உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. அசைஞ்சா கொஞ்ச நேரம் பலம் வரும். வியாதியோட குணமே அதானாம். கட்டி தெரியறதுக்கு முன்னாடியே கால் சொல்லிடுமாம்."

கால் சொல்லத்தான் செய்தது. அண்ணனுடைய அட்டைப்பெட்டிப் பட்டறையில், முக்காலியை விட்டு எழத் தவிப்பான் தம்பி. நாலு கட்டு தூக்கியதும் நடை சீராகிவிடும். "பார்த்தீங்களாடா, வேலை குடுத்தா வியாதி ஓடிப்போவுது!" அண்ணன் அவனுக்கு வைத்த பெயர்தான் 'நடிகர்'. பட்டறையே அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தது. இதுதான் மருந்து என்று சொல்லி அவனை மாடிக் கிடங்குக்கு ஏறி இறங்க வைத்தார். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள் லீவு கேட்டபோது, "நீயும் சேர்ந்து நடிக்காதே" என்றார்.

கடைசியில் டாக்டர் விளக்கிய அன்று அண்ணனையும் உள்ளே கூட்டிப்போனாள். "இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். இவருக்கு மனப்பாடம் ஆகணும்."

கூட்டம் குறைந்ததும் அண்ணன் அவளருகே வந்தார். "போதும்மா. தோலை உரிக்கிற. தனியா வேணா உன் கால்ல விழறேன்."

"தனியாவா சிரிச்சீங்க?"

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பட்டறை ஆட்கள் மொத்தமாக வந்தார்கள். மிஷின்காரர், "நம்ம நடிகருக்கு..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அண்ணனை மட்டும் பார்த்தாள்.

"அவன் நடிக்கலடா," என்றார் அண்ணன். "நான்தான்... முடியலன்னு சொன்னவனை மாடி ஏத்தினேன். டாக்டர்கிட்ட விடல." குரல் பிசிறியது. முழுக்கச் சொன்னார். ஒருவரும் நிமிரவில்லை.

வெளியே கார் வந்து நின்றது. யாரோ தூரத்து உறவு.

அவள் உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அண்ணனிடம் நீட்டினாள்.

"குடிங்க மாமா. தொண்டை கட்டிக்கப் போவுது."