மங்கம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை

"நல்லா கீதுடி வேம்பு" என்றாள் மங்கம்மா. முதல் கவளம் இன்னும் தொண்டையைக்கூடத் தாண்டவில்லை.

வேம்பு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். குழம்பில் புளி இரண்டு பங்கு, உப்பு ஒரு கல்கூட இல்லை. உப்பளக் காற்று வீசுகிற ஊரில், கைக்கெட்டும் தூரத்தில் சட்டி நிறைய உப்பை வைத்துக்கொண்டு, ஒருத்தி மறந்துபோய் உப்பில்லாமல் குழம்பு வைத்தாள் என்றால் யார் நம்புவார்கள்? லட்சுமணன் ஒரு வாய் வைத்தான். மனைவியை ஒரு தரம், அண்ணியை ஒரு தரம் பார்த்தான்.

"உப்பு போட்லியா?"

"எனக்கு சரியா கீது தம்பி. வயசாவுதுல்ல, உப்ப கொறைக்கச் சொல்லி நானே சொல்லணும்னு இருந்தேன். அவளே தெரிஞ்சிகினு ஆக்கிட்டா. இன்னொரு கரண்டி ஊத்துடி."

வேம்பு ஊற்றினாள். கரண்டியைச் சட்டியில் ணங்கென்று போட்டாள்.

ஐப்பசிப் புயலில் திருவொற்றியூர்க் குப்பத்தின் முன்வரிசையைக் கடல் எடுத்துக்கொண்டது. ஏழு குடிசைகள். மங்கம்மாவின் வீடு ஏழாவது. குடிசை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பாதிச் சுவர் செங்கல், வாசலில் பர்மாத் தேக்குக் கதவு. விடிகிற நேரத்தில் கதவு மட்டும் அலைமேல் மிதந்து வடக்கே எண்ணூர்ப் பக்கமாகப் போனதை ஊரே நின்று பார்த்தது. மங்கம்மா அழவில்லை. "மெதுவா போவுது பாரு" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கெங்கையம்மன் கோயில் எதிரில் ஊர்த் தலைவரான நாட்டார் சபையைக் கூட்டினார். சவுக்குத் தோப்போரம் மேட்டில் ஏழு மனை அளந்திருந்தார்கள். வீடு போனவர்களுக்கு ஆளுக்கொன்று. ஊர் வழக்கப்படி மனை கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவங்கள வச்சிக்க யாருனா கீறீங்களா?" வெறும் சடங்கு. யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நாட்டார் மூன்று தரம் கேட்டுவிட்டு மனையைக் கொடுத்துவிடுவார். ஆறு பேருக்கு அப்படித்தான் நடந்தது. மங்கம்மாவின் முறை வந்தபோது, பெண்கள் கூட்டத்திலிருந்து வேம்பு எழுந்து நின்றாள்.

"எங்க அக்கா எங்கியும் போவ வாணாம் நாட்டாரே. என் வூடு அவங்க வூடு. நான் வச்சிக்கிறேன்."

ஏன் சொன்னாள்? இரக்கத்தால் என்று அன்று ஊர் நினைத்தது. வேம்புவுக்குத் தெரியும். பதினைந்து வயதில் மருமகளாக வந்து, ஆறு வருஷம் அந்தத் தேக்குக் கதவுக்கு உள்ளே அவள் மூத்த மருமகளான மங்கம்மாவின் கைக்குக் கீழே இருந்தாள். "புடிக்கும் புடிக்காது எல்லாம் உங்காத்தா வூட்டோட போச்சி. இங்க போட்டத துன்னு, சொன்ன எடத்துல படு. கூரைக்குக் கீய இருக்குறோமேன்னு கும்புடு." ஒரு நாளா இரண்டு நாளா, ஆறு வருஷம். அந்த மங்கம்மா எல்லார் எதிரிலும் தலைகுனிந்து, வேம்பு வாயிலிருந்து 'நான் வச்சிக்கிறேன்' என்ற சொல்லைக் கேட்க வேண்டும். அந்த ஒரு நொடியின் ருசிக்காகத்தான் சொன்னாள். அடுத்த நொடியே, நாட்டார் முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருப்பதைக் கண்டாள்.

கற்பூரம் எரியும்போது சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்தால் அந்த வீட்டு ஆளை வலையில் சேர்க்க மாட்டார்கள், பங்கும் கிடையாது. விடுபட ஒரே வழிதான் உண்டு: வந்து தங்கியவள் தானே சபையில் எழுந்து, 'எனக்கு அங்க கொறை கீது' என்று சொல்ல வேண்டும். ஏழாவது மனையை மாசி அமாவாசை வரை நிறுத்தி வைப்பதாக நாட்டார் சொன்னார். அதற்குள் மங்கம்மா குறை சொன்னால் மனை அவளுக்கு. சொல்லாவிட்டால், புதிதாகக் கல்யாணமான லோகநாதனுக்கு. பிறகு மங்கம்மா சாகும்வரை வேம்புவின் வீட்டில்தான்.

"யோவ், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா" என்றாள் வேம்பு அன்றைக்கே புருஷனிடம்.

"கெங்கையம்மா எதுர்ல கல்பூரம் எரியச்சொல்ல, பேச்சுக்குன்னு ஒண்ணு கீதா?" என்று அவன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வேம்புவின் வீடு பின்வரிசையில் கடைசி. எட்டடி அகலம். கொசு உண்டு, தோப்புக்கு ஒதுங்க வருகிறவர்களின் நாற்றமும் உண்டு. ஆனால் தனிக்குடித்தனம் வந்தபின் கிடைத்த அவள் வீடு. தலையைக் கிழக்கே வைத்துப் படுத்தால் விடியற்காலைக் காற்று முதலில் அவள் நெற்றியில்தான் படும். பழைய சோற்றோடு சுட்ட நெத்திலியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் நின்றபடியே தின்ன அவளுக்குப் பிடிக்கும். மங்கம்மாவின் வீட்டில் நின்று தின்றால் கையில் சூடு விழும். இங்கே தண்ணீர்ப் பானை இடது பக்கம், முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு அவள் உயரத்துக்கு, பூசணிக்காய் என்ற பேச்சே வீட்டுக்குள் கிடையாது. ஒன்றைப் பிடிக்கவில்லை என்று உரக்கச் சொல்லி, அதைத் தூக்கி வெளியே எறிகிற சுகம் எத்தனை பெரியது என்று, அதைப் பறிகொடுத்து வாழ்ந்தவளுக்குத்தான் தெரியும். தினம் எழுந்ததும் வாசல் மூங்கிலைத் தொட்டு, "நீ நின்னா போதும்பா எனக்கு" என்பாள். சாமிக்குச் சொல்கிற மாதிரி இல்லை, புருஷனுக்குச் சொல்கிற மாதிரியும் இல்லை.

மங்கம்மா வந்த மறுநாளே பானை வலது பக்கம் போயிற்று. "நீ எதுக்குக் குனிஞ்சி குனிஞ்சி கஸ்டப்படணும்? ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு மாத்தினேன்." கண்ணாடி ஒரு சாண் மேலே ஏறியது. பூசணிக்கொடி ஒன்று கூரைமேல் படர்ந்தது. வேம்பு பானையை இழுத்து இடம் மாற்றினால், மங்கம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாள்; மறுநாள் காலை அது மறுபடியும் வலது பக்கம் இருக்கும்.

சரி, வந்தவளைத் தானாகவே போகவைப்போம் என்று வேம்பு இறங்கினாள். கூரை ஒழுகும் மூலையில் பாய் போட்டாள். "காத்து இன்னாமா வர்து" என்றாள் மங்கம்மா. கிழிந்த புடவையைக் கொடுத்தாள். "மெத்துனு கீது, என் உடம்புக்கு இதான் ஒத்துக்கும்." ஊசிப்போன கருவாடு, அடிப்பிடித்த கஞ்சி, உப்பில்லாத குழம்பு, எல்லாவற்றுக்கும் அதே வார்த்தை. அதோடு நிற்கவில்லை. கிணற்றடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, நாலு பேர் கேட்க ஆரம்பிப்பாள்.

"கூடப் பொறந்தவ இப்டிப் பாப்பாளா? வேளாவேளைக்கு தட்டுல வச்சி கையில குடுக்கறா. நான் இன்னா புண்ணியம் பண்ணேனோ."

"ஏம்மே வேம்பு, எங்களையும் வச்சிக்கயேன்" என்று சொக்கம்மாள் சிரிப்பாள். "எங்க வூட்டுக் கூரையும் பறந்துகினுதான் போவுது."

ஊர் முழுக்க வேம்புவைப் புகழ்ந்தது. தீப்பெட்டி ஆலைச் சங்கு ஊதியதும் வேலைக்குப் போகிற பெண்கள்கூட நின்று, அந்தப் புண்ணியவதி நீதானா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். புகழ்ச்சி ஒவ்வொன்றும் ஒரு கயிறு. தை முடிவதற்குள் வேம்புவால் சத்தம் போட்டுப் பேசக்கூட முடியவில்லை. கேட்டால் ஊர் என்ன நினைக்கும்?

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது அவள் திருக்கை மீன் வாங்கினாள்.

இதைச் சொல்லிவிட வேண்டும். மங்கம்மாவின் புருஷன் குமாரவேல் செத்தது திருக்கை முள்ளால். வலையிலிருந்து எடுக்கும்போது வால் சுழன்று தொடையில் ஏறியது. நாலு நாள் கால் கறுத்துக் கறுத்து வீங்கி, தண்ணீர் தண்ணீர் என்று கத்தியே போனான். பதினோரு வருஷமாக அந்த இரண்டு வீட்டிலும் திருக்கை என்ற சொல்கூடக் கிடையாது. லட்சுமணன் தன் வலையில் அது மாட்டினால், வலையை அறுத்தாவது கடலில் விட்டுவிடுவான். வேம்பு தெற்கே காசிமேட்டுப் பக்கம்வரை நடந்துபோய், அவளைத் தெரியாத ஆட்களிடம் வாங்கி வந்தாள். வழியெல்லாம் கூடை கனத்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு தரம் நின்றாள். வீட்டு வாசல் தெரிந்தது, கூரைமேல் பூசணிப்பூ மஞ்சளாகப் பூத்திருந்தது. நடந்தாள்.

அன்றைக்கு உப்பும் புளியும் சரியாகப் போட்டாள். பூண்டு நிறையத் தட்டிப்போட்டு, மிளகு அரைத்து, தன் ஆயுளில் வைத்திராத ருசியில் குழம்பு வைத்தாள்.

தட்டு வைத்ததும் மங்கம்மாவின் மூக்கு விடைத்தது. லட்சுமணன் குழம்பில் கிடந்த துண்டைப் பார்த்தான், அதன் ஓரத்து வரி வரியான குருத்தெலும்பைப் பார்த்தான். எழுந்தான். தட்டு கவிழ்ந்தது. மனைவியை அடிக்கக் கை ஓங்கியவன், அண்ணி உட்கார்ந்திருப்பதைக் கண்டு கையை இறக்கி வெளியே போனான். தோப்புக்குள் அவன் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

மங்கம்மா சோற்றைப் பிசைந்தாள். துண்டைப் பிய்த்தாள். வாயில் வைத்து மென்றாள். குருத்தெலும்பு நறுக் நறுக்கென்று கடிபடுவது எட்டடி வீட்டில் தெளிவாகக் கேட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்து உதட்டோரம் இறங்கியது. அதையும் சேர்த்தே விழுங்கினாள்.

"நல்லா கீதுடி" என்றாள். "இன்னொரு துண்டு போடு."

வேம்பு போட்டாள். இனி எப்படியும் சொல்லிவிடுவாள் என்று மனசு குதித்தது, அந்தக் குதிப்பைப் பார்த்து அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. மங்கம்மா கொல்லைக்குப் போனதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வாந்திச் சத்தம் வரவில்லை. மணலை அள்ளிக் கை தேய்க்கிற சத்தம் மட்டும் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது.

அமாவாசையன்று கடலுக்கு யாரும் போகவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே சபை கூடிவிட்டது. லோகநாதனும் அவன் புதுப்பெண்டாட்டியும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள்.

"மங்கம்மா, ஏயாவது மனை இன்னியோட முடியப்போவுது" என்றார் நாட்டார். "வேம்பு வூட்ல உனக்கு எதுனா கொறை கீதா? கூச்சப்படாம சொல்லு."

மங்கம்மா எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எனக்கு இன்னா கொறை நாட்டாரே? ராணி மாரி கீறேன்."

"பொய்!"

அது தன் குரல்தான் என்று வேம்புவுக்கே புரிய ஒரு கணம் ஆயிற்று. எல்லாத் தலையும் திரும்பியது.

"பொய் சொல்றாங்க நாட்டாரே. உப்பில்லாம போட்டேன். ஒயுகுற மூலையில படுக்க வச்சேன். நாலு நாளைக்கு முந்தி..." எரிகிற கற்பூரத்தைப் பார்த்தாள். "அவங்களுக்குத் திருக்கை ஆக்கிப் போட்டேன்."

பெண்கள் கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். நாட்டார் முகம் இறுகியது. "எந்த வூட்ல எந்த மீன ஆக்கினேன்னு சொல்றடி நீ? மங்கம்மா, மெய்யா?"

மங்கம்மா மெதுவாகத் திரும்பி வேம்புவைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"வவ்வாலு மீனு நாட்டாரே அது. பூண்டு தட்டிப்போட்டு அம்மாம் ருசியா ஆக்கியிருந்தா. பாவம், பத்து நாளா ஜொரத்துல பெனாத்திகினு கீறா. எனக்கு மனை கெடைக்கணும்னு அவ மேலயே குத்தத்தப் போட்டுக்கறா பாருங்க. இந்த மாரி மனசு யாருக்கு வரும்?"

"லட்சுமணா, நீ சொல்லு."

லட்சுமணன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேம்பு அவன் முகத்தையே பார்த்தாள். கற்பூரம் படபடத்தது.

"வவ்வாலுதான் நாட்டாரே" என்றான்.

மனை லோகநாதனுக்கு என்று நாட்டார் சொன்னார். மங்கம்மா உயிரோடு இருக்கும்வரை வேம்புவின் வீட்டில் என்றும் சொன்னார். சொக்கம்மாள் வந்து வேம்புவின் நெற்றியில் கைவைத்து, "ஜொரம் வுட்டுப்போச்சே" என்றாள்.

திரும்பும் வழியில் லட்சுமணன் முன்னால் போய்விட்டான். இரண்டு பெண்களும் மட்டும் சவுக்குத் தோப்போரம் நடந்தார்கள்.

"ஏங்க்கா?" என்றாள் வேம்பு. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா உனக்குன்னு ஒரு வூடு."

"வூடு இன்னாத்துக்கு? ஒண்ணு கடலோட போச்சி, போதும்." மங்கம்மா நடையை நிறுத்தவில்லை. "ஆறு வர்சம் என் கையால துன்ன. வஞ்சிரத்துல நடுத்துண்டு உனக்குன்னு எடுத்து வைப்பேன், தெரியுமா உனக்கு? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ருசியா கீதுக்கான்னு உன் வாயில வந்துச்சா?"

வேம்புவுக்கு நடுத்துண்டு நினைவிருந்தது. அப்போது எரிந்த வயிறும் நினைவிருந்தது.

"நாளையிலருந்து அடுப்ப நான் பாத்துக்கறேன்" என்றாள் மங்கம்மா. "நீ குந்திகினு துன்னு. துன்னுட்டுச் சொல்லு."

அவள் வளைவில் திரும்பி மறைந்தாள். வேம்பு நின்றுவிட்டாள்.

மேட்டில் லோகநாதன் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தான். நாலு மூலைக்கும் சவுக்குக் கட்டை அடித்து, பழைய வலைக்கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி எங்கே அடுப்பு, எங்கே வாசல் என்று காலால் கோடு கிழித்துக் கிழித்துச் சிரித்தாள். வேம்பு கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். நடுவில் போய் நின்றாள். சுவர் இல்லை, கூரை இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று. காலடியில் சின்ன நண்டு ஒன்று வளை தோண்டிக்கொண்டிருந்தது.

"யக்கா" என்றாள் அந்தப் பெண், சிரிப்பு போய், சங்கடத்தோடு. "கோச்சிக்காத. இன்னும் பூச போடல. கொஞ்சம் வெளிய வந்துடேன்."

வேம்பு அசையவில்லை. நண்டு மணலை உருட்டி உருட்டி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.